பரணில் இருந்த பூச்சாடிகள்

எங்கள் அக்கா புருஷனை ஊரில் எல்லோரும் மெத்தை என்று கூப்பிடுவார்கள். எது வந்து விழுந்தாலும் சத்தம் வராமல் வாங்கிக்கொள்கிற ஆள் என்று அர்த்தம். காதுபடவே கூப்பிடுவார்கள், அவரும் பட்டம் வாங்கியவர் மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார். நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். முறை அது. மரியாதை இருந்து கூப்பிட்டதில்லை.

அவருக்கு வேலை மொழிபெயர்ப்பு. எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டின் பாஷை எங்கள் ஊரில் முழுசாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இளவயதில் உருப்படியாக வேறு எதுவும் வராததால் தபாலில் பாடம் வாங்கிப் படித்தார். படித்து முடித்த சமயம் பார்த்து அந்த நாட்டிலிருந்து கேஸ் குழாய் வந்தது. அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். கூரையைப் பிய்த்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஒரு குழாயில்தான் எங்கள் ஊரும் சுற்றியிருக்கிற ஊர்களும் உயிர் வைத்திருந்தன. ரொட்டிக்கடை அடுப்பு, ஆஸ்பத்திரி வெந்நீர், பள்ளிக்கூடத்து அறைகளின் கதகதப்பு, டவுன் பஸ், எல்லாம் அந்தக் கேஸ். வீடுகளில் இருந்த விறகு அடுப்புகளை இடித்துப்போட்டு, புகைபோக்கிகளைச் செங்கல் வைத்து அடைத்து, அதன்மேல் படம் மாட்டினோம். நான் வேலை பார்த்த கண்ணாடி பாட்டில் ஃபேக்டரியின் உலையும் அதில்தான் எரிந்தது. கண்ணாடி உலையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அதை ஒருதடவை மூட்டினால் அணைக்கவே கூடாது. பண்டிகையா, சாவா, எதுவானாலும் உள்ளே கண்ணாடிக் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறினால் குழம்பு கல்லாக இறுகும், சுவர் வெடிக்கும், அதோடு உலை செத்துப்போகும். அதை நம்பித்தான் பாதி ஊர் சாப்பிட்டது. நானும்தான். கல்யாணம் என்று ஒன்று ஆகாமல் அக்கா வீட்டின் பின்னறையில் இருக்கிறவளுக்கு, யார் தயவும் இல்லாமல் நிமிர்ந்து நடக்க அந்தச் சம்பளம் ஒன்றுதான் பிடி.

நான் பார்ப்பது சரிபார்க்கும் வேலை. விளக்குப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாகப் போகும். குமிழி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்த்துக் கழிக்க வேண்டும். இந்த வேலையை ரொம்ப வருஷம் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பார்கள். எனக்குக் கண் கெடவில்லை, குணம்தான் கெட்டது. யாரைப் பார்த்தாலும் முதலில் கீறல்தான் தெரிகிறது.

அத்தானிடம் அதைத் தேட வெளிச்சமே தேவையில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது எல்லை தாண்டி அந்த நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். அத்தான் எங்கள் பக்கம் திரும்பி, "கவலைப்பட ஒண்ணுமில்லையாம். நல்லா ஓய்வெடுத்தா சரியாப் போயிடுமாம். நீங்க போயி வேலையைப் பாருங்கன்னு சொல்றார்" என்றார். நம்பி ஊருக்கு வந்தோம். நான் அந்த வாரம் பாட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா அங்கே தனியாகச் செத்துப்போனார். அத்தான் அப்புறம் ஒத்துக்கொண்டபடி, டாக்டர் நிஜமாகச் சொன்னது, "பக்கத்திலேயே இருங்கள், நாள் அதிகம் இல்லை" என்பது. ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று சட்டையைப் பிடித்தேன். "உங்க அக்கா முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படிம்மா சொல்றது?" என்றார். அன்றோடு அவர்மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்சமும் போயிற்று.

இப்படிப்பட்ட வாய்தான் எங்கள் ஊருக்கும் கேஸ் கொடுக்கிறவர்களுக்கும் நடுவில் இருந்தது. வருஷா வருஷம் குளிர் தொடங்கும் முன்னால் அந்தக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வருவார். குழாய்க்காரர் என்போம். அவர் வருகிறார் என்றால் விருந்தினர் விடுதிக்கு வெள்ளையடிப்பார்கள், ஃபேக்டரி வாசலைக் கழுவிவிடுவார்கள், எங்கள் மேனேஜர் முதல்நாளே சலூனுக்குப் போய்வருவார். எங்கள் குடுமி அவர் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைத் தடவிக்கொடுப்பதாக நினைத்துக்கொள்வதில்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுகம்.

அந்தச் சுகத்தைக் கொடுத்தவர் அத்தான். குழாய்க்காரர் கொட்டாவி விட்டு நாலு வார்த்தை சொன்னால் அத்தான் நாற்பது சொல்வார். "உங்க ஊரை நினைக்காத நாளே இல்லையாம். போன தடவை கொடுத்த பூச்சாடியைத் தன்னோட மேஜைமேலயே வெச்சிருக்காராம். பார்க்கிறவங்க எல்லாம் கேக்கறாங்களாம்." கூட்டம் பூரித்துப்போகும். அந்தப் பூச்சாடி எங்கள் ஃபேக்டரியில் அவருக்கென்றே ஊதிச் செய்வது, ஒவ்வொரு வருஷமும் ஒரு நிறம். கடைசியாக அதைப் பார்த்துத் தேர்ச்சி சொல்கிறவள் நான். அடியில் ஊசிமுனையால் சின்னதாக ஒரு முக்கோணம் கீறிவிடுவேன். அது என் அடையாளம்.

துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி வந்து, "ஆபத்துக்கு உதவும், உலைக்குன்னு ஒரு எண்ணெய்த் தொட்டியும் பர்னரும் வெச்சுக்குங்க" என்று சொல்லிப் பார்த்தான். மேனேஜர் பதறிப்போனார். தொட்டி வைத்தால் குழாய்க்காரரைச் சந்தேகப்படுகிறோம் என்று ஆகுமாம். அத்தானும் ஒத்து ஊதினார்: "மனசு நொந்துபோயிடுவார் சார்." அந்த வியாபாரியை டீ கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். குடை வாங்கினால் வானம் கோபித்துக்கொள்ளும் என்று நனைகிற புத்திசாலிகள் வேறு எந்த ஊரிலும் இருக்க மாட்டார்கள்.

நான் சொல்லவந்த வருஷம், பூச்சாடியைத் தட்டில் வைத்து ஏந்திப்போகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஃபேக்டரிக் கூடத்தில் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் குழாய்க்காரருக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் பாஷை எனக்குத் தெரியாது, முகம் தெரியும். அன்றைக்கு அவர் கொட்டாவி விடவில்லை. கறாராகப் பேசினார். ஒரு விரலால் மேஜைமேல் நீளமாகக் கோடு இழுத்து, கையைக் கத்தி மாதிரி வைத்து நடுவில் வெட்டினார். பிறகு அத்தானைப் பார்த்து, புரிந்ததா என்கிற மாதிரிப் புருவத்தைத் தூக்கினார். அத்தானுக்கு நெற்றியில் வேர்வை.

அத்தான் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "குளிர்ல குழாயில சின்னதா ஒரு வேலை பார்க்க வேண்டியிருக்கலாமாம். அப்பவும் நம்ம நினைப்பாவே இருப்பாராம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வெட்டின கைக்கு எந்த ஊரிலய்யா நினைப்பு என்று அர்த்தம்? குழாய்க்காரர் பூச்சாடியை வாங்கி, அதைப் பார்க்காமலே பேசிக்கொண்டு, கையிலிருந்த சிகரெட்டை அதற்குள் போட்டு நசுக்கினார். நான் மட்டும் பார்த்தேன். மற்றவர்கள் தட்டுகிற கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அத்தான் போட்டிருந்த கோட்டை இழுத்துப் பிடித்தபடி, எட்டு மாசக் கர்ப்பிணி மாதிரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பரண் பலகை கிறீச்சிட்டது. அவர் குளிக்கப் போனதும் ஏணியைச் சாய்த்து நான் ஏறினேன்.

பரணில், பழைய போர்வைகளுக்குப் பின்னால், பூச்சாடிகள் வரிசையாக நின்றன. நீலம், பச்சை, தேன் நிறம், பால் வெள்ளை. ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். என் முக்கோணம். அடுத்ததிலும் முக்கோணம். எல்லாம் நாங்கள் அந்த மனிதருக்குக் கொடுத்தவை, அவர் விடுதியில் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டவை. கடைசியாக இருந்த சிவப்புப் பூச்சாடியில் அன்றைய சாம்பல் இருந்தது. ஒன்றில்கூடத் தூசி இல்லை என்பதையும் கவனித்தேன்.

கீழே இறங்கினபோது அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "நான்தான் துடைச்சு வெக்கறேன்" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"குப்பையில போட மனசு வரலைன்னு எடுத்துட்டு வந்தாரு. ஊர்க்காரங்க கண்ணுல பட்டா வருத்தப்படுவாங்கன்னு மேல வெச்சாரு."

அத்தான் ஈரத்தலையோடு வந்து நின்றார். நான் அவரைச் சும்மா விடவில்லை. "அந்த ஆளு இன்னைக்கு என்ன சொன்னார்? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க" என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அவள் முகத்தைக் கொடுக்கவில்லை.

"குளிர்காலம் பூரா குழாயை மூடப்போறாங்க. வேற ஒரு நாட்டுக்காரன் அதிக விலை கொடுக்கறானாம். உங்களுக்கு வேணும்னா வேற வழி பார்த்துக்குங்க, இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் எங்ககிட்ட அழாதீங்கன்னு சொன்னார்."

"உலை?"

அவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.

"இப்பவே சொன்னா அந்தத் தொட்டியையாவது வரவழைக்கலாம். இன்னும் நேரம் இருக்கு. மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"எப்படிம்மா? இத்தனை வருஷமா நான் சொன்னதெல்லாம்..."

"பொய்யின்னு தெரிஞ்சிடும். தெரியட்டுமே! அப்பாவை ஒரு தடவை தனியாச் சாக விட்டீங்க. இப்ப ஊரையே அப்படி விடப்போறீங்களா? உங்க வாயில இனிப்பு வழியறதுக்கு நாங்க எல்லாம் தெருவுல நிக்கணுமா?"

அதைவிட மோசமாகவும் சொன்னேன். அச்சில் ஏற்ற முடியாது. அவர் அசையவில்லை, மெத்தையை அடித்தால் தூசிதான் பறக்கும். ஆனால் அக்கா, கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், தூசித்துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "சொல்லிடுங்க. அன்னைக்கு எனக்காகத்தானே மறைச்சீங்க? எனக்காகவே இன்னைக்குச் சொல்லுங்க. நான் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்." அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை குழாய்க்காரரை வழியனுப்ப ஃபேக்டரி முற்றத்தில் ஊரே கூடியது. கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய்க்காரர் கையுறையை மாட்டிக்கொண்டே, நேற்றுச் சொன்னதையே சுருக்கமாக இன்னொரு தடவை சொன்னார். எங்களுக்குப் புரிந்ததா என்று அவருக்கே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அத்தான் முன்னால் வந்தார். கோட்டுக்குள்ளிருந்து சிவப்புப் பூச்சாடியை எடுத்து, எல்லோரும் பார்க்க முற்றத்தில் போட்டிருந்த மேஜைமேல் வைத்தார்.

"இவர் சொல்றதை இன்னைக்கு அப்படியே சொல்றேன்" என்றார். "குளிர்காலம் பூரா குழாயை மூடிடுவாங்க. வேற வழி பார்த்துக்கச் சொல்றார். நம்மமேல அவருக்குப் பாசமும் இல்லை, பகையும் இல்லை. நம்ம ஊரு பேரே அவருக்குச் சரியா வாயில வராது. இந்தப் பூச்சாடியை எந்த வருஷமும் அவர் எடுத்துட்டுப் போனதில்லை. எல்லாம் என் வீட்டுப் பரண்லதான் இருக்கு. உலைக்குத் தொட்டி வரவழைங்க. தயவுசெஞ்சு வரவழைங்க."

அந்த மனிதரின் வாயிலிருந்து கூட்டல் கழித்தல் இல்லாமல் வந்த முதல் பேச்சு அது. எனக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது.

கூட்டம் பூச்சாடியை எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான்: "திருட்டுப் பய! அவருக்குக் கொடுத்ததை எல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கான்!" அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். கேஸ் நின்றுபோகிற சேதியை யாரும் தொடக்கூட இல்லை. பூச்சாடித் திருட்டு எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மேனேஜர் கையை உயர்த்திச் சிரித்தார். "மெத்தைக்கு வயசாயிடுச்சுப்பா. பாஷை குழம்பிப்போச்சு. எங்க மருமகன் இருக்கார், அவரைக் கேப்போம்."

மேனேஜரின் மருமகனுக்கு அந்தப் பாஷையில் சாப்பாட்டுக்கடைப் பலகை படிக்கத் தெரியும். அவர் முன்னால் வந்து குழாய்க்காரரிடம் ஏதோ கேட்டார். குழாய்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். மருமகன் ஒரு கணம் விழித்துவிட்டு எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். "சின்னதா ஒரு வேலை இருக்காம். எல்லாரும் நல்லா இருங்கன்னு வாழ்த்தறார்" என்றார்.

முற்றம் முழுக்க ஒரே பெருமூச்சு. கை தட்டினார்கள், அப்படித் தட்டினார்கள். நான் பக்கத்தில் இருந்தவளிடம், "அடியே, குழாய்க்காரன் நேத்து கையால வெட்டிக் காட்டினான்டி, நான் பார்த்தேன்" என்று சொன்னேன். "உங்க அத்தானைக் காப்பாத்தப் பார்க்கறே" என்றாள். செவிடன் காதில் ஊதின சங்கு. குழாய்க்காரர் காரில் ஏறும் முன் புருவத்தைச் சுருக்கி அத்தானிடம் எதையோ கேட்டார். அத்தான் பதில் சொன்னதும் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "என்ன கேட்டார்?" என்றேன்.

"குழாயை மூடறேன்னு சொல்றேன், எதுக்குக் கை தட்டறாங்கன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க ஊர்க்காரங்க ரொம்ப தைரியசாலிங்கன்னு சொன்னேன்" என்றார். பழக்கதோஷம் ஒரே நாளில் போய்விடுமா?

குளிர் இறுகின ஒரு காலையில் உலையின் சுடர் குட்டையாயிற்று. மேனேஜர் சின்ன வேலைதான், சின்ன வேலைதான் என்று சொல்லிக்கொண்டே உலையைச் சுற்றி வந்தார். மத்தியானத்துக்குள் சுடர் நீலப் பொட்டாகி, போய்விட்டது. அப்போதுதான் துறைமுக வியாபாரிக்குப் போன் போட்டார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்க ஓடினார்கள். அவன் தொட்டிகளை எல்லாம் மற்ற ஊர்க்காரர்கள் எப்போதோ கொண்டுபோயிருந்தார்கள். உள்ளே குழம்பு முதலில் தேனாகக் கெட்டிப்பட்டு, பிறகு மங்கி, பிறகு இறுகியது. சாயங்காலம் உலைச் சுவர் வெடிக்கிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டோம். பெரிய பெரிய ஆம்பிளைகள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. விளக்குப் பலகையை அணைத்துவிட்டு, என் ஊசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்தக் குளிரில் நாங்கள் பட்டதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? படத்தைக் கழற்றிச் செங்கலைப் பெயர்த்துப் பார்த்தோம். புகைபோக்கி இருந்தது, கீழே அடுப்புதான் இல்லை. ஒரே அறையில் மூன்று பேரும் இருக்கிற போர்வையை எல்லாம் போர்த்திக்கொண்டு கிடந்தோம். இதில் வேடிக்கை, ஊர் யாரைத் திட்டியது என்பதுதான். மூடினவனை இல்லை. தொட்டி வேண்டாம் என்றவரை இல்லை. வாழ்த்துகிறார் என்று சொன்ன மருமகனை இல்லவே இல்லை. "அன்னைக்கு மெத்தை எல்லார் முன்னாடியும் தாறுமாறாப் பேசினான் பாரு, அதுலதான் அவருக்கு மனசு விட்டுப்போச்சு, மூடிட்டாரு" என்றார்கள். ரொட்டிக்கடைக்காரன் அக்காவுக்கு ரொட்டி தர மாட்டேன் என்றான். அவன் கடையிலும் ரொட்டி இல்லைதான். இருந்தாலும் தர மாட்டானாம்.

வெயில் திரும்பினதும் குழாயைத் திறந்தார்கள், புது விலையில். ரொட்டி வந்தது, பஸ் வந்தது. உலை வரவில்லை. உள்ளே இறுகின கண்ணாடியைக் கூலிக்கு ஆள் வைத்து உடைத்து அள்ளினார்கள். நானும் அந்தக் கூலிக்குப் போனேன். அத்தானைக் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து அக்காவுக்குக் காய் நறுக்கிக்கொடுத்தார். மெல்லிசாக, ஒரே அளவாக நறுக்குவார். அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவரை இப்போது நான் திட்டுவதில்லை. திட்டுவதற்கு வெளியே நிறையப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் மேனேஜர் வீட்டு வாசலில் வந்து நின்றார். சலூனுக்குப் போய்வந்திருந்தார், அதிலேயே எனக்கு விஷயம் பாதி புரிந்தது.

"நாங்க நாலு பேரு எல்லை தாண்டிப் போறோம்" என்றார். "அன்னைக்கு நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்டுட்டு, அடுத்த குளிருக்கு மூடிடாதீங்கன்னு காலில விழுந்தாவது கேட்டுட்டு வரலாம்னு. வெறுங்கையோட எப்படிப் போறது? ஃபேக்டரியில ஒரு சாமானும் மிச்சமில்லை. நீங்க... எடுத்து வெச்சிருக்கற அதுல ஒண்ணு கொடுத்தா..."

கதவை அவர் முகத்தில் சாத்தியிருப்பேன். அத்தான் அதற்குள் ஏணியை எடுத்து வந்துவிட்டார். "எது வேணும் சார்?" என்றார்.

"நான் எடுக்கறேன்" என்று நானே ஏறினேன். எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சிவப்பை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். முற்றத்திலிருந்து அதை நான்தான் தூக்கிவந்திருந்தேன். துடைக்கக் கூடாது என்று அக்காவிடம் சொல்லிவைத்திருந்தேன்.

மேனேஜர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உள்ள என்னமோ கறுப்பா இருக்கே?"

"சாம்பல் சார்" என்றார் அத்தான். "நீங்க கொடுத்த அன்னைக்கு அவர் இதுலதான் சிகரெட்டை அணைச்சார்."

மேனேஜர் பூச்சாடியைச் சாய்த்து உள்ளே பார்த்தார். இப்போதாவது அந்த முகத்தில் ஏதாவது வரும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, விரலில் சுற்றி, உள்ளே விட்டுத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே கவலையோடு கேட்டார்: "கொடுத்ததையே திருப்பிக் கொடுக்கறோம்னு கண்டுபிடிச்சிட மாட்டாரே? அவருக்கு இது ஞாபகம் இருக்குமா?"

"இருக்காது சார்" என்றார் அத்தான். "அணைக்கும்போதுகூட அவர் இதைப் பார்க்கலை."

"அப்பாடா" என்றார் மேனேஜர். "நல்லதாப் போச்சு."

பூச்சாடியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, வழுக்கிவிடாமல், ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கிப் போனார்.